புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கற்க வெளிநாடு செல்லும் மாணவர் தம் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

காற்றாலையையோ சூரியத் தகட்டையோ நேரில் காண்பது மட்டுமே நோக்கம் என்றால் அதற்காக வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. வந்தும் போயுமிருக்கும் காற்றையும் வெயிலையும் நம்பி ஓர் ஊரோ தீவோ நாள் முழுவதும் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியவே இத்தகைய பயணம் பயன்படும். பலரும் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே என்ன பார்க்கலாம் என்று பிறகு தேடுகிறார்கள். அதற்கு மாறாக, விடை காண விரும்பும் கேள்வியை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற இடத்தைத் தேட வேண்டும்.

"காற்று நின்றுபோகும் நாளில் இந்தத் தீவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்பது அத்தகைய ஒரு கேள்வி. டென்மார்க்கின் சாம்சோ தீவு, அந்நாட்டு அரசு 1997ஆம் ஆண்டு நடத்திய போட்டியில் வென்று, ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் தன் மின்தேவைக்கு ஈடான மின்சாரத்தைக் காற்றிலிருந்து பெறும் நிலைக்கு வந்தது. நிலத்தில் தலா 1 மெகாவாட் திறனுள்ள 11 காற்றாலைகளும், கடலில் தலா 2.3 மெகாவாட் திறனுள்ள 10 காற்றாலைகளும் அதற்காக நிறுவப்பட்டன. வைக்கோலை எரித்துச் சூடாக்கிய நீர் குழாய்கள் வழியே வீடுகளுக்குச் செல்கிறது. ஆனால் அத்தீவு கடலடி மின்வடத்தால் பெருநிலத்துடன் இணைக்கப்பட்டிருப்பதால், மிகுதியான மின்சாரத்தை வெளியே அனுப்பவும் காற்றில்லாத நேரத்தில் வெளியிலிருந்து பெறவும் முடிகிறது. அதன் தன்னிறைவு ஆண்டுக் கணக்கில் உண்மையே தவிர, ஒவ்வொரு மணி நேரத்திற்கும் பொருந்துவதன்று.

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோவுக்கு அத்தகைய இணைப்பு இல்லை. 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அங்குள்ள நிலையத்தில் 11.5 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் இருக்கின்றன. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு, பழைய எரிமலை வாய் ஒன்றில் அமைந்த மேல் நீர்த்தேக்கத்திற்கு நீரை ஏற்றிவைத்து, காற்று குறையும்போது அந்நீரைக் கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கிறார்கள். தேக்கத்தின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு என்பதால், நீண்ட நேரம் காற்று அடங்கினால் டீசல் இயந்திரங்களே கைகொடுக்கின்றன. இரண்டு தீவுகளில் ஒன்றை நேரில் கண்டு, மற்றதன் விவரங்களை வாசித்து ஒப்பிட்டாலே ஒரு நல்ல ஆய்வறிக்கைக்குப் போதுமானது. ஒரே பயணத்தில் பல நாடுகளைச் சுற்றும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செல்லும் பருவமும் கேள்வியைப் பொறுத்ததே. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில்தான் காற்று வலுவாக வீசும். கேனரித் தீவுகளிலோ கோடையில்தான் வணிகக் காற்று (வடகிழக்கிலிருந்து சீராக வீசும் காற்று) உச்சம் பெறுகிறது. கோடை விடுமுறை என்ற ஒரே காரணத்திற்காக வட ஐரோப்பாவுக்குச் செல்பவர் அசையாத இறக்கைகளைப் பார்த்துத் திரும்ப நேரலாம், அதுவும் ஒரு பாடம்தான் என்றாலும். 1966 முதல் இயங்கும், 240 மெகாவாட் திறனுள்ள பிரான்சின் ரான்ஸ் ஓத (கடல் ஏற்றவற்ற) மின்நிலையத்திற்குச் செல்வதாயின், முதலில் அந்நாளின் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஐஸ்லாந்தின் ஹெட்லிஷெய்தி புவிவெப்ப நிலையத்திற்கு இந்தக் கவலை இல்லை. அது மின்சாரத்துடன் ரெய்க்யவிக் நகருக்கு வெந்நீரையும் ஆண்டு முழுவதும் வழங்குகிறது.

நிலையத்தைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் உங்கள் கேள்வியையும், யாரைச் சந்திக்க விரும்புகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். "உங்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதினால் பார்வையாளர் கூடத்தோடு அனுப்பிவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறைப் பொறியாளருடன் அரை மணி நேரம் கேட்டால் அது கிடைக்கும் வாய்ப்பு உண்டு. காற்றாலைக் கோபுரத்தின் மீது ஏறும் ஆசையை விட்டுவிடலாம். உரிய பாதுகாப்புப் பயிற்சி பெறாதவர்களை அனுமதிப்பது அரிது.

புறப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பழகுங்கள். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 17,520 மெகாவாட் மணி (திறனை ஓடிய நேரத்தால் பெருக்கிய மின்சார அளவு) கிடைக்கும். உண்மையில் கிடைத்தது 5,000 மெகாவாட் மணி என்றால், அது ஏறத்தாழ 28.5 விழுக்காடு. செல்லவிருக்கும் நிலையத்திற்கு இவ்விகிதத்தை முன்கூட்டியே கண்டுவைத்திருந்தால், அது ஏன் கூடுகிறது அல்லது குறைகிறது என்று அங்கே கேட்க முடியும்.

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி) தேவைப்படுவோர் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கல்விக்காகச் செல்லும் மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நிலையத்தில் இருக்கும்போது இயந்திரத்தைவிடத் துணைமின் நிலையத்திற்கும் கட்டுப்பாட்டுத் திரைக்கும் அதிக நேரம் ஒதுக்குங்கள். காற்று வீசியும் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நேரங்கள் உண்டா, ஏன் என்று கேளுங்கள். ஆயுள் முடிந்த இறக்கைகள் என்னவாகின்றன என்றும் கேளுங்கள். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டபி 1991இல் தொடங்கி 2017இல் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டதால், இது இனி கற்பனைக் கேள்வி அன்று. பிறகு வெளியே வந்து, அவ்வூர் மக்களிடம் காற்றாலைகளில் யாருக்குப் பங்கு இருக்கிறது, யார் எதிர்த்தார்கள் என்று விசாரியுங்கள். சாம்சோவில் உள்ளூர் மக்களே பங்குதாரர்களாக இருப்பதைப் பொறியியல் வரைபடம் எதுவும் காட்டாது.

குறிப்புகளை அன்றன்றே எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அது மெகாவாட்டா மெகாவாட் மணியா, யார் சொன்னது, எந்த ஆண்டுக்குரியது என்று பதிவு செய்யுங்கள். அறிக்கையின் வரைவு முடிந்ததும் எண்கள் உள்ள பக்கங்களை மட்டும் அந்நிலையத்துப் பொறியாளருக்கு அனுப்பி, சரிபார்த்துத் தருமாறு கேட்ட பின்னரே கல்லூரியில் ஒப்படையுங்கள்.