செட்டிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க விரும்புவோருக்கு

செட்டிநாட்டுக்குக் கேமராவுடன் வருபவர்களில் பெரும்பாலோர் மாளிகைகளைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் என்று விவரிப்பு நீளும். அந்தச் சுவரை இழைத்த கொத்தனார் யார், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று எந்த வேலைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் இடம் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு படம் எடுக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படப்பிடிப்புக்கு முன் தேடல் வேண்டும். இதற்கு முன்னோடியாக நமக்கு வெளியூர் ஆள் யாரும் தேவையில்லை. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்து, வெவ்வேறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து வைத்திருந்த ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 1940-இல் அந்தப் படத்தை வெளியிட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழைய வீடுகளின் கல்யாண ஆல்பங்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள். படத்தின் ஓரத்தில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களையும் பந்தல்கால் அருகில் நிற்பவர்களையும் கவனியுங்கள். வீடு கட்டிய காலத்துக் கணக்கேடு எங்காவது தப்பிப் பிழைத்திருந்தால், கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் எழுதப்பட்ட பக்கம் உங்கள் படத்துக்கு எந்தத் தூணையும்விடப் பெரிய சான்று.

பிறகு ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை), மரச் செதுக்கு, சமையல் என்று எல்லாவற்றையும் அரை மணி நேரப் படத்தில் அடைத்தால் அது சுற்றுலாத் துறையின் விளம்பரம் போல ஆகிவிடும். தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு ஓடான ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சமதளமான கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்க வேண்டும். அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, ஈரக் கலவையை வைத்து மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றுகிறார்கள். பின்னர் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள்.

இந்த வேலையில் படம் எடுப்பவர் உணர வேண்டிய ஒன்று உண்டு: கல்லின் முகம் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கிறது, ஊற்றுபவர் பார்ப்பதெல்லாம் அதன் முதுகைத்தான். நிறம் எவ்வளவு விழுந்தது, ஓரம் சரியாகப் பிரிந்ததா என்பதை அவர் கைப்பழக்கத்தால் அறிந்துகொண்டே அடுத்த கல்லுக்குப் போகிறார். ஆகவே கேமராவையும் அவர் கண் மட்டத்திலேயே நிறுத்துங்கள். கண்ணாடி பிரியும் நாள் வரையில் பூவின் முகத்தைப் பார்வையாளருக்குக் காட்டாதீர்கள். அச்சு இல்லாமல் கையாலேயே நிறங்களைச் சுழித்து வடிவம் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், வெட்டாமல் ஒரே ஷாட்டில் முழுக் கல்லையும் எடுங்கள். அந்தச் சுழிப்பை எங்கே நிறுத்துவது என்ற முடிவு முழுக்க அவருடையது, அதை இடையில் வெட்டினால் அவருடைய கலையையே வெட்டியதாகும்.

“இன்னொரு தடவை செய்து காட்டுங்கள்” என்று கேட்பதற்கு முன் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கல் எண்ணிக்கைக்குக் கூலி என்றால், உங்களுக்காக அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் வீட்டுச் செலவிலிருந்து போகிறது. அந்த இழப்பைப் படத்தின் பட்ஜெட்டிலேயே எழுதி, அன்றன்றைக்கே கொடுத்துவிடுவது முறை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாடகை கொடுப்பவர்கள் இதைத் தர்மம் போல நினைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

பேட்டியைப் பட்டறையில் எடுக்க வேண்டாம். முதலாளி பத்தடி தூரத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றி யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். பேசினாலும் அதன் விளைவை அனுபவிக்கப் போவது நீங்கள் அல்ல. மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அண்ணன், அக்கா என்று அந்த ஊர் வழக்கப்படி முறை சொல்லிப் பேசத் தொடங்குங்கள். “உங்கள் தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். இந்த நிறத்தைக் கலக்க யாரிடம் கற்றீர்கள், மழைக்காலத்தில் கல் காயாவிட்டால் அந்த வாரம் எப்படி ஓடும், ஈரச் சிமெண்ட் கையை அரித்தால் என்ன தடவுவீர்கள், நல வாரிய அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். அந்த நல வாரியங்களுக்கு அடிப்படையான தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. அது வாழ்க்கையில் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை இந்தக் கடைசிக் கேள்வியே வெளிக்கொண்டு வரும். நெசவாளர்களிடம் பேசினால், கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், விசைத்தறியில் நெய்த கண்டாங்கிப் போலிகளையும் பற்றிக் கேளுங்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பிறகு கூலி உயர்ந்ததா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒளியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப் லைட் எரியும் அறையில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் படம் துடிக்காது. ஒலிதான் கடினம். தறி ஓசைக்கு நடுவே எடுத்த பேட்டியை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. தறியைத் தனியாகவும் பேச்சைத் தனியாகவும் பதியுங்கள்.

பாட்டு கிடைத்தால் அதைக் கூடுதல் கவனத்துடன் கையாள வேண்டும். நடவுக்கும் சுண்ணாம்பு இடிப்பதற்கும் பாடிய பாட்டுகள் வேலையின் தாளத்தில் பிறந்தவை. நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் மூச்சு மாறி, பாட்டும் மாறிவிடும். வயதான ஓர் அம்மாவுக்கு அந்த வேலை இப்போது இல்லையென்றால், ஓலை கிழித்துக் கொட்டான் முடையும் நேரத்தில் அவராகப் பாடும் வரை காத்திருங்கள். பாடியவர் விரும்பினால் அவர் பெயரை ‘பாடல்’ என்ற தலைப்பின் கீழ் இயக்குநர் பெயர் வரும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்; ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவது அநியாயம். அதன் மேல் வீணையோ சிந்தசைசரோ சேர்க்காதீர்கள்.

வெட்டித் தொகுத்த முதல் வடிவத்தை விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்னால், படத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் தெருவிலேயே திரையிடுங்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு வரும் நேரமாகப் பார்த்து வையுங்கள். கடன், கூலித் தகராறு, குடும்ப விவகாரம் பற்றி யாராவது தாம் பேசியதை எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். முன்பே கையெழுத்து வாங்கியிருந்தாலும் அப்படித்தான். வேலை முறையைத் தவறாக வரிசைப்படுத்தியிருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டுவார்கள், அதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் தொகுப்பு மேசைக்குப் போங்கள். முடிந்த படத்தின் பிரதியை ஒவ்வொரு வீட்டுக்கும் பென் டிரைவில் கொடுங்கள். பலரிடம் கணினி இருக்காது, ஆகவே செல்போனில் ஓடும் சிறிய கோப்பு ஒன்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.