கன்னியாகுமரியில் குடும்பத்தோடு படகுப் பயணம்: எதில் ஏறுவது, எப்போது ஏறுவது

கன்னியாகுமரிக்குக் குடும்பமாக வருகிறவர்களுக்குப் படகுக்கென்று கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். அந்த அரை நாளில் ஒரு பயணத்தைத்தான் நிதானமாக அனுபவிக்க முடியும். விவேகானந்தர் பாறைக்குப் போகலாம். வட்டக்கோட்டை வரை போய்த் திரும்பும் சொகுசுப் படகில் ஏறலாம். கடலே வேண்டாம் என்றால் திற்பரப்பிலோ, கேரள எல்லை தாண்டிப் பூவாற்றிலோ படகு உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, கூட வருகிறவர்களில் யாருக்கு ஏறி இறங்குவது சிரமமோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சரிப்படுகிற பயணம் மற்ற எல்லோருக்கும் சரிப்படும்.

பாறைக்குப் போகும் படகு

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டும் இந்தப் படகில் கடலில் இருப்பது சில நிமிடங்கள்தான். குமட்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பாடெல்லாம் வரிசையில்தான். வழக்கமாகக் காலை 8 மணிக்குச் சேவை தொடங்கும், மாலை 4 மணியோடு டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். சபரிமலை சீசனிலும் மே விடுமுறையிலும் சூரிய உதயம் பார்த்த கூட்டம் அப்படியே படகுத்துறைக்கு வந்துவிடும். ஏழரைக்குள் வரிசையில் நின்றால் முதல் சில நடைகளில் ஏறிவிடலாம். ஒன்பதைத் தாண்டினால் குழந்தைகளோடு இரண்டு, மூன்று மணி நேரம் நிற்க நேரலாம். கூடுதல் கட்டணத்தில் சிறப்பு டிக்கெட் கிடைக்கிறது. அது வரிசையைத்தான் குறைக்கும், ஏறுவது அதே படகில்தான். வயதானவர்கள் இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பாறையில் நுழைவுக் கட்டணம் தனி, அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் வந்த பிறகு இந்தப் பயணத்தின் கணக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்கும் படகில்தான் போக வேண்டும். சிலையைச் சுற்றிப் பாறைகள் அதிகம் என்பதால் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாலும் படகு தரைதட்டும் என்று அந்தப் பக்கச் சேவையை நிறுத்திவிடுவார்கள். இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கி, 77 மீட்டர் பாலத்தில் நடந்தே சிலைக்குப் போய்விடலாம். 133 அடிச் சிலையின் பாதம் வரை ஏற உள்ளே 140 படிகள். முழங்கால் வலியுள்ளவர்கள் பீடத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். நினைவு மண்டபத்துக்குச் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

இந்தப் பயணத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஏறுகிற, இறங்குகிற அந்த ஓரடி. படகு துறையோடு ஒட்டி நின்றாலும் அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தளம் கீழே போகும்போது காலை வைத்தால் முழங்கால் மடங்கிவிடும். படகு மேலே வந்து துறைக்குச் சமமாகிற நொடியில், ஊழியரின் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு ஒரே எட்டாக வைக்க வேண்டும். ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகிலுமாகத் தயங்கி நிற்கக் கூடாது. முதலில் ஒரு பெரியவர் ஏறிக்கொள்ளட்டும், பிறகு குழந்தை, கடைசியில் இன்னொரு பெரியவர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினால் காலடி தெரியாது. செல்போனும் பையும் கையில் இருக்கவே கூடாது.

வட்டக்கோட்டைப் படகு

வரிசையில் நிற்க மனமில்லாதவர்களுக்கு, கடலைக் கடலாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு படகுகள் இதற்கென்றே வந்தவை. குளிர்சாதன வசதி உண்டு. ஒன்றை மட்டும் டிக்கெட் எடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: படகு கோட்டையைக் கடலிலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடும், அங்கே இறக்கிவிடாது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்காக டச்சுத் தளபதி டிலனாய் 18ஆம் நூற்றாண்டில் பலப்படுத்திய அந்தக் கோட்டைக்குள் நடக்க வேண்டுமென்றால் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

படகு வடகிழக்காகப் போவதால் போகும்போது கரை இடது பக்கம் இருக்கும். காலை நடையில் வெயில் வலது பக்கம் விழும். ஆகவே இடப்பக்க இருக்கை பிடித்தால் நிழலும் கிடைக்கும், மருந்துவாழ் மலையும் காற்றாலைகளும் நேர் எதிரே தெரியும். மாலை நடை என்றால் போகும் வழியில் அதே பக்கம்தான் வெயில் அடிக்கும்.

இதில் குமட்டல் வரலாம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, புரோட்டா சால்னாவும் கூடாது. ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில். முன்முனையில் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், வயிறு தாங்காது. மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போடுவதில் பயனில்லை. புரோமெத்தசின் வகை மாத்திரையை இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

நாளைப் பார்த்து முடிவெடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை, குறிப்பாக ஆடிக் காற்றில், படகு நிற்பது சாதாரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம். காலையில் கடல் உள்வாங்கியிருந்தால் சேவையே தாமதமாகத்தான் தொடங்கும். அந்த நாட்களில் மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு படகை நம்பி நிற்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையில் நேராக மோதும். அப்போது வட்டக்கோட்டைப் பயணம் ஆட்டமாக இருக்கும்.

கள்ளக்கடல் இவற்றிலிருந்து வேறானது. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயல் எழுப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். கடல் நிலையைக் கணிக்கும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. முந்தைய நாள் இரவு அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் படகும் வேண்டாம், கால் நனைப்பதும் வேண்டாம்.

கடல் ஒத்துவராத நாளில்

திற்பரப்பு அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடுகிறார்கள். தண்ணீர் அசையாது, ஏறுவதும் எளிது, சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். பேச்சிப்பாறை அணை திறந்து கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை வரும், படகும் நிற்கும். ஆகவே மழைக்காலத்தில் விசாரித்துவிட்டுக் குலசேகரம் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.

பூவாறு என்பது, நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகம். களியக்காவிளை தாண்டிப் போக வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓட்டுவது தனியார். வழியில் வண்டியை மறித்துக் கூட்டிப்போகும் தரகர்களிடம் பேசாமல் படகுத்துறைக்கே போய், கட்டணம் ஆளுக்கா படகுக்கா, எத்தனை நிமிடம், எங்கெல்லாம் நிறுத்துவார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். பணத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, படகில் பதிவு எண்ணும் ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்பது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டிய படகில். 2009இல் தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதில் படகு சாய்ந்தது. மேல்தளத்தில் கூட்டம் நிற்கிற படகிலும், இருட்டத் தொடங்கிய பிறகு புறப்படுகிற படகிலும் ஏறாதீர்கள். யாராவது ‘அங்கே பார்’ என்று கூவினால் எழுந்து ஓடாமல் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

எந்தப் படகானாலும் மிதவை உடுப்பைப் போட்டபின் ஒரு சோதனை செய்யுங்கள். குழந்தையின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் உடுப்பு காது வரை ஏறக் கூடாது. ஏறினால் அது பெரிய அளவு, தண்ணீரில் விழுந்தால் தலை வழியாகக் கழன்றுவிடும். சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.