பழைய இசைத்தட்டை வானொலியில் போடுமுன்: உரிமைக் கணக்கும் ராயல்டியும்

தட்டு பழையது என்பதற்காக அதைக் கேட்பாரற்றதாக எண்ணி ஒலிபரப்பிவிட முடியாது. இந்தியச் சட்டப்படி ஒரு பாட்டில் ஒலிப்பதிவு, பாடல் வரி, மெட்டு என்று மூன்று உரிமைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காலக்கெடுவைத் தனித்தனியாக எண்ண வேண்டும். இவை போக, பாடகருக்கு உள்ள நிகழ்த்துநர் உரிமை பாடிய ஆண்டிலிருந்து 50 ஆண்டுதான். பொதுவாக ஒலிப்பதிவு உரிமைக்கு முன்பே அது முடிந்துவிடும்.

ஒலிப்பதிவுக்கு, முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. வரிக்கும் மெட்டுக்கும் அப்படியல்ல. எழுதியவர் அல்லது மெட்டமைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பாபநாசம் சிவன் காலமானது 1973 அக்டோபரில். அவர் எழுதிய பாட்டு 1944-இல் தட்டாக வந்திருந்தால் ஒலிப்பதிவு 2004-இலேயே விடுபட்டிருக்கும். ஆனால் வரிகள் 2033 டிசம்பர் 31 வரை உரிமைக்கு உட்பட்டவை. கவிஞர் அந்த உரிமையைப் படத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் காலக்கெடு மாறாது. பணம் யாருக்குப் போகும் என்பது மட்டுமே மாறும்.

பாரதியார் பாடல் வரிகள் பொதுவுடைமை. ஆனால் அதற்குப் பின்னாளில் மெட்டமைத்தவரின் உரிமை தனியாக நிற்கும். தியாகராஜர் கிருதி என்றால் சாகித்யம், இசை இரண்டும் விடுபட்டவை. தட்டு வெளியான ஆண்டு ஒன்றைப் பார்த்தால் போதும். அதனால் புதிதாக நிகழ்ச்சி தொடங்கும் நிலையம் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு மும்மூர்த்திகள் கிருதி உள்ள கர்நாடக இசைத் தட்டுகளில் தொடங்குவதே நல்லது.

ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 தட்டுகளின் லேபிளில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. லேபிளில் உள்ள தட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தில் டார்ச் ஒளியைச் சாய்வாக அடியுங்கள். அங்கே பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவின் எண். இரண்டு பக்கமும் வெவ்வேறு ஆண்டுப் பதிவாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் குறியுங்கள். இந்த எண்களைக் கம்பெனிகளின் பழைய பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். சினிமாப் பாட்டென்றால் படம் வந்த ஆண்டோடும் ஒப்பிட்டு, இரண்டில் பிந்தியதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

78 வேகத்தில் சுழல்கிறது என்பதே பழமைக்குச் சான்றாகாது. இந்தியாவில் 1960-களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அதே பாடகர் அதே பாட்டை எல்.பி.க்காக (நீண்ட நேரம் ஓடும் தட்டுக்காக) மறுபடி பாடியிருந்தால் அது புதுப் பதிவு. அதற்கு 60 ஆண்டு முதலிலிருந்து ஓடும். பழைய பதிவையே மறு அச்சு போட்டிருந்தால் முதல் வெளியீட்டு ஆண்டுதான் கணக்கு. வெளியிடாமல் கிடந்த சோதனைத் தட்டைத் தொடாதீர்கள். வெளியீட்டு ஆண்டே இல்லாததால் எண்ணத் தொடங்க இடமில்லை. ஆண்டு உறுதியாகாத தட்டை உரிமை உள்ளதாகவே நடத்துங்கள்.

உரிமை மிச்சம் இருந்தால் இரண்டு வழி. உரிமையாளரிடமோ அவர் சார்பான அமைப்பிடமோ உரிமம் வாங்கலாம். ஒலிப்பதிவுக்கு இசைக் கம்பெனிகள் சார்பான பி.பி.எல். அமைப்பு அல்லது கம்பெனி, வரிக்கும் மெட்டுக்கும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு. எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாதான் இன்றைய சரிகம. இன்னொரு வழி, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவு. உரிமையாளருக்கும் பதிப்புரிமைப் பதிவாளருக்கும் 5 நாள் முன்னதாக நோட்டீஸ் அனுப்பி, நிர்ணயித்த விகிதத்தில் ராயல்டியை முன்கூட்டியே கட்டிவிட்டு ஒலிபரப்பலாம். பாட்டு, வெளியான ஆண்டு, உரிமையாளர், எழுதியவர், பாடியவர், நிகழ்ச்சி நேரம், ஒலிபரப்பு எல்லை எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். விகிதம் நிலையானதல்ல. 2010-இல் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று வைத்தார்கள், பிறகு மாறியது. நடப்பு விகிதத்தைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள். ஒலிப்பதிவுக்குக் கட்டிவிட்டோம், அத்தோடு முடிந்தது என்றும் இருக்க வேண்டாம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வானொலி தனியாக ராயல்டி தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது.

31டி-யில் போட்டால் எழுதியவர், மெட்டமைத்தவர், முதன்மைப் பாடகர் பெயர்களை ஒலிபரப்பிலேயே சொல்ல வேண்டும். இது மரியாதைக்காக மட்டுமல்ல, சட்டமே கேட்கிறது. நேரத்துக்காகப் பாட்டைச் சுருக்கலாம். ஒலிபரப்பின் தொழில்நுட்பத்துக்குத் தேவைப்படாத வேறு எந்த மாற்றத்துக்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். ரீமிக்ஸ் தாளம் சேர்க்காதீர்கள்.

பாட்டு ஓடிய நிமிடங்களைத் துல்லியமாக எழுதி வையுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 10 அங்குலத் தட்டுகளில் 11 பக்கம் ஓடினால் பாட்டு மட்டும் 35 நிமிடம்போல வரும். ஓடிய நேரத்துக்குக் கட்டணம் என்று விகிதம் இருந்தால் அந்த 35 நிமிடத்துக்குத்தான் கட்ட வேண்டும். பதிவேடு இல்லாவிட்டால் முழு மணிக்கும் பில் வரக்கூடும், மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது.

வேறு வானொலியில் வந்ததைப் பதிவு செய்து போடக் கூடாது. ஒலிபரப்பாளருக்கு 25 ஆண்டு தனி உரிமை உண்டு. உங்கள் தட்டிலிருந்தே எடுங்கள்.

இணையத்தில் ஓடையாக (ஸ்ட்ரீமிங்) விடும்போது 31டி கை கொடுக்காது. அது இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்து, 2022-இல் மேல் அமர்விலும் அதை உறுதி செய்தது. எஃப்.எம்.மில் 31டி-யை நம்பிப் போட்ட தட்டை உங்கள் செயலியிலும் விட வேண்டுமானால் உரிமையாளரிடம் நேரடி உரிமம் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் செயலியில் வேறு நிகழ்ச்சியை ஓட விடுங்கள்.