ஈய முத்திரையைத் தேய்க்காதீர்கள்

பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசர்கள் சாசனங்களில் கட்டித் தொங்கவிட்ட ஈய முத்திரைகளைப் பட்டியலிட வரும் புதியவர்கள், நான் தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை போடு, கீழே போடாதே என்று சொல்லித்தர எல்லா இடத்திலும் ஆள் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

தேய்த்துச் சுத்தம் செய்வது

ஈயம் நகம் பட்டாலே கீறல் விழும் உலோகம். இடுக்கி போன்ற இரும்புக் கருவியின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஈய வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். உருவம் மேலோட்டமாகத்தான் பதிந்திருக்கும். மேலே தெரியும் வெண்மை பெரும்பாலும் ஈயமே கார்பனேட்டாக மாறியது. பல முத்திரைகளில் பேரரசரின் முகமும் உடையும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கின்றன.

இது தெரியாமல் முதல் வருடத்தில் ஒரு முத்திரையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் பளபளத்தது. பேரரசர் நிற்பது தெரிந்தது, கையில் இருந்தது போய்விட்டது. சிலுவை வைத்த உருண்டையா, புழுதி பொதிந்த பட்டுச் சுருளான அகாகியாவா? உடைமேல் சுற்றிய, மணிகள் பதித்த லோரோஸ் பட்டையும் வழுவழுப்பாகிவிட்டது. எழுத்துகள் முன்பே சிதைந்திருந்தன. ஆளை அடையாளம் காண மிஞ்சியிருந்தவை இவைதான். இன்றும் பட்டியலில் அது ‘பெயர் தெரியாத பேரரசர்’.

போன மாதம் ஒரு மாணவர் அதே மாதிரி பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெண்பொடி உதிர்ந்தால் முதலில் படம் எடுங்கள், தனியே வையுங்கள், அப்புறம் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஓக் மர இழுப்பறை

வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும்.

சிலுவையைக் கண்டதும் காலம் சொல்வது

7-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் முத்திரைகளில் குழந்தை இயேசுவை ஏந்திய மரியன்னையைக் காணலாம். திருவுருவங்களை எதிர்த்த பேரரசர்கள் வந்தபோது அந்த இடத்தில் சிலுவை ஏறியது. சரி. ஆனால் அந்த எதிர்ப்பு 843-இல் ஓய்ந்த பிறகும், 10-ஆம் நூற்றாண்டிலும்கூட, படிகள் மேல் நிற்கும் இரட்டைக் குறுக்குச் சிலுவை அதிகாரிகளின் முத்திரைகளில் ஏராளம். கிறிஸ்துவின் முகத்தை வைத்தும் அவசரப்பட முடியாது. இரண்டாம் ஜஸ்டினியன் தன் முதல் ஆட்சியிலேயே (685–695) அதைத் தங்க நாணயத்தில் பதித்துவிட்டார். எழுத்து வடிவம், உடை, மறுபக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே காலத்தை எழுதுங்கள்.

ஒரே பக்க வெளிச்சம்

விளக்கைத் தாழ்த்தி, நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள்.

நடுவில் ஓடும் துளை

உடைசல் என்று நினைத்துப் பசை வைத்து அடைக்காதீர்கள். சாசனத்தைக் கட்டிய சரடு போன வழி அது. சில முத்திரைகளில் அதன் இழைகள் இன்னும் உள்ளே இருக்கும்.