ஆபீஸ் விழாவில் கச்சேரி: ஹாலை எப்படி அமைப்பது?

ஹோட்டல்காரர்களிடம் விட்டால் மேடையைக் குறுகிய சுவரில்தான் போடுவார்கள். 80-க்கு 50 அடி ஹால், 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். மேடையின் ஆழம் 16 அடி போக, நேர் எதிரே கடைசி மேசை 60 அடிக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீளச் சுவரில் போட்டால் அந்தத் தூரம் 34 அடிக்குள் அடங்கிவிடும்.

எட்டுப் பேர் கொண்ட மெல்லிசைக் குழுவுக்கு 24-க்கு 16 அடி மேடை, 2 அடி உயரம் போதும். பரதநாட்டியம் என்றால் அசையாத மரத்தளம் வேண்டும். பலகை இணைப்பில் இடைவெளி இருந்தால் கால் மாட்டும், மெத்தென்ற கம்பளம் விரித்தால் தட்டடவின் (காலால் தரையைத் தட்டி ஆடும் அடவு) ஓசையே கேட்காது. ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக்கு 8-க்கு 8 தாராளம். ஆனால் முதல் மேசை 6 அடியில் இருக்க வேண்டும். நடுவில் காலியிடம் விட்டால் சிரிப்பு அதிலேயே கரைந்துபோகும்.

5 அடி வட்ட மேசையில் எட்டுப் பேர் உட்காரலாம். மேடைப் பக்கம் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆறு பேரை மட்டும் உட்கார வையுங்கள், யாரும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருக்காது. 150 பேருக்கு 25 மேசை. மேசை நடுவிலிருந்து அடுத்த மேசை நடுவுக்கு 10 அடி விட்டால்தான் பரிமாறுபவர் நுழைய முடியும்.

ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் இருக்கட்டும். பின்னால் வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கி 'கூ...' என்று ஊளையிடும். கார்ட்லெஸ் மைக்கோடு பாடகர் மேசைகளுக்கு நடுவே இறங்கினாலும் இதே கதைதான். எங்கே வரை வரலாம் என்று ஒத்திகையிலேயே காட்டிவிடுங்கள். நீளச் சுவர் மேடையில் ஓரத்து மேசைகளுக்குச் சத்தம் குறையும், அங்கே கூடுதலாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும். ஆபரேட்டர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை மூலையில் ஒதுக்காதீர்கள். மூலையில் பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) அதிகமாகக் கேட்கும், அதை நம்பி அவர் பேஸைக் குறைத்தால் ஹால் நடுவில் பாட்டு சொத்தையாகிவிடும்.

பஃபேயை வெளி வராந்தாவில் வையுங்கள். தட்டுச் சத்தத்தை எந்த ஆபரேட்டராலும் குறைக்க முடியாது.

ஒலி அமைப்புக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி கரண்ட் லைன் கேளுங்கள். ஒரே லைனில் கொடுத்தால் விளக்கைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து மறுபடி முதலிலிருந்து கிளம்பும். அதற்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். வைத்துவிடுங்கள்.