கிஃப்ட் கார்டு கேட்கும் அதிகாரி

அமெரிக்காவுக்கு வந்த முதல் மாதத்தில் ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். எந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது, ஓட்டுநர் தேர்வில் எங்கே தடுமாறுவோம், எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும் என்று எல்லாம் காதில் விழும். கடையில் பணம் கட்டி வாங்கும் பரிசு அட்டையான கிஃப்ட் கார்டை வைத்து நடக்கும் மோசடி பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சொல்லத் தகுதியுள்ளவர்கள் ஏமாந்தவர்கள்தான். அவர்கள் அதை மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் இரண்டு வருடம் சொல்லவில்லை.

2017 அக்டோபரில், நியூ ஜெர்சிக்கு வந்த மூன்றாவது மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. 202 என்று தொடங்கும் வாஷிங்டன் எண். குடியேற்றத் துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டவர் என் முழுப் பெயரையும் முகவரியையும் பிசகில்லாமல் சொன்னார். நான் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவில் பிழை இருக்கிறதாம். இன்றைக்குள் அபராதம் கட்டாவிட்டால் கைது, பிறகு நாடு கடத்தல். "சந்தேகமாக இருந்தால் இந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள்" என்றும் சொன்னார். தேடினேன். அசல் அரசு அலுவலகத்தின் எண்தான் வந்தது. திரையில் தெரியும் எண்ணை யார் வேண்டுமானாலும் போலியாகக் காட்டலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அலுவலகத்தில் எனக்கு அடுத்த இருக்கைக்காரர் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்.

போனை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று நிபந்தனை. ஒரு மருந்துக் கடைக்குப் போகச் சொன்னார்கள். அபராதத்துக்காக 500 டாலர் வீதம் மூன்று கிஃப்ட் கார்டுகள் வாங்க வேண்டுமாம். கல்லாவில் இருந்த வயதான அம்மாள் அவற்றை உடனே பதியவில்லை. "இதெல்லாம் யாருக்கப்பா?" என்று கேட்டார். அக்கா பிள்ளைகளுக்கு என்றேன். அப்படிச் சொல்லும்படி போனில் எனக்கு ஏற்கெனவே பாடம் நடந்திருந்தது. எனக்கு அக்காவே கிடையாது. காரில் உட்கார்ந்து, கார்டின் பின்புறம் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாகப் போனில் வாசித்தேன். ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய். பணத்தைவிட அந்த அம்மாளிடம் சொன்ன பொய்தான் இன்றும் உறுத்துகிறது.

அவர்கள் கிஃப்ட் கார்டை ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் பாதி விடுதலை. வங்கி வழியாகப் பணம் போனால் பெயர் இருக்கும், தடம் இருக்கும், சில சமயம் நிறுத்தவும் முடியும். கார்டில் இருப்பது வெறும் எண். அதை வாசித்து முடித்த சில நிமிடங்களில் வேறெங்கோ இருப்பவன் பொருளாகவோ பணமாகவோ மாற்றிவிடுவான். கார்டு உங்கள் கையிலேயே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த வழியில் 2023-ல் மட்டும் 217 மில்லியன் டாலர் போனதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி.க்குப் புகார்கள் வந்தன. என்னைப் போல வாயை மூடிக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பாக்கி இருந்தால் முதலில் தபாலில் கடிதம் அனுப்பும். அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை 'முடக்கிவிட்டோம்' என்பது பொய். அப்படி ஒரு நடைமுறையே இல்லை. இந்தியத் தூதரகத்தின் எண்ணைப் போலியாகக் காட்டியும் அழைப்புகள் வந்திருக்கின்றன, தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. மாணவர்களுக்கும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் வேறு வேஷம்: பேராசிரியர் பெயரிலோ மேலாளர் பெயரிலோ ஒரு செய்தி வரும். "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாக நான்கு கார்டு வாங்கி எண்களைப் படம் எடுத்து அனுப்பு." வந்த புதிதில் நல்ல பெயர் எடுக்கத் துடிப்பவன்தான் ஓடிப்போய் வாங்குவான்.

"படித்தவன் இதற்கெல்லாம் ஏமாறுவானா" என்று நினைக்கிறீர்களா? பணவிவகாரங்கள் பற்றியே பத்தி எழுதும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர், 50,000 டாலரைச் செருப்புப் பெட்டியில் வைத்து முன்பின் தெரியாதவன் காரில் போட்டதாக 2024-ல் நியூயார்க் இதழில் எழுதினார். இந்த நாட்டுக்காரரே அவர். நாமோ தாலுகா அலுவலக வாசலில் கைகட்டி நின்று பழகியவர்கள். அதிகாரியிடம் "உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதோடு விசா என்ற ஒற்றைத் தாளில் வேலை, கடன், தங்கையின் கல்யாணம் எல்லாம் தொங்குகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டை உண்டாக்குவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள்.

அது நம் ஊர்ப் பக்கமே நடந்த தொழில் என்பது இன்னும் கசப்பு. 2016 அக்டோபரில், மும்பையை ஒட்டிய தானே நகரின் போலீஸ், மீரா ரோடு பகுதியின் கால் சென்டர்களில் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து விசாரித்தது. அதே மாதம் அமெரிக்க நீதித் துறை, அகமதாபாத்தின் 5 கால் சென்டர்கள் உட்பட 61 பேர்மீது குற்றம் சாட்டியது. ஐ.ஆர்.எஸ்., குடியேற்றத் துறை என்று நடித்து, கைது, நாடு கடத்தல் என்று மிரட்டியவர்கள். 2018-ல் 21 பேருக்குத் தண்டனை கிடைத்தது, சிலருக்கு 20 ஆண்டு வரை. ஆனால் எனக்குப் போன் வந்தது அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு வருடம் கழித்து.

2019-ல் எங்கள் குடியிருப்பில் மதுரையிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். மூன்று கார்டு. விஷயத்தை முதலில் மாமாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். "எம்.எஸ். படிக்கப் போனவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அவர் கேட்டதும் இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவளருகே உட்கார்ந்துதான் என் 1,500 டாலர் கதையை முதன்முதலாகச் சொன்னேன். "நிஜமாகவா அண்ணா?" என்று கேட்டாள். பிறகு ரசீதை எடுத்தாள்.

ரசீது முக்கியம். கார்டையும் ரசீதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கார்டை வெளியிட்ட நிறுவனத்தின் எண் பின்புறத்திலேயே இருக்கும். கூப்பிட்டு, "மோசடியில் சிக்கி வாங்கிவிட்டேன், இதை முடக்குங்கள், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் கூப்பிடாதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. அந்தப் பெண் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டதால் மூன்றில் ஒரு கார்டு தப்பியது. பிறகு எஃப்.டி.சி. இணையதளத்திலும் உள்ளூர்ப் போலீசிலும் புகார் செய்யுங்கள். பேச்சுவாக்கில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லியிருந்தால் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி உங்கள் கடன் பதிவை முடக்கிவைக்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து அது இலவசம். குடியேற்றத் துறை உங்கள் மேல் கோபப்படுமோ என்ற பயத்தில் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். ஏமாற்றப்பட்டது விசாவுக்குக் குற்றமாகாது.

உங்களிடம் யாராவது வந்து சொன்னால், தயவுசெய்து அந்த மாமாவாகிவிடாதீர்கள். "எப்படி ஏமாந்தாய்?" என்பதை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் "கார்டு எங்கே?" என்று கேளுங்கள். ஒரு டம்ளர் காபியும் கொடுங்கள், அன்று மதியம் அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று. ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். கொஞ்ச நாளில் வேறொருவர் அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக மிகவும் கனிவாகப் பேசுவார். எனக்கு ஆறு வாரம் கழித்து அந்த அழைப்பு வந்தது. சேவைக் கட்டணம் 200 டாலர் என்றார்கள். அதையும் கிஃப்ட் கார்டாகத்தான் கேட்டார்கள்.