ப்ரீபயாடிக் சாப்பிட்டும் மலச்சிக்கல் தீரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் நம்மவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். நாள்பட்ட மலச்சிக்கல் என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் ப்ரீபயாடிக் (குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகும் நார்) பவுடர் டப்பாவைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஆரம்பிக்கும்போது எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தண்ணீர் குடிப்பது, கீரை சேர்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே முழு அளவு

வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் இவற்றில் இருக்கும் இன்யுலின் என்ற நார் நம் குடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகும். அவை அதைப் புளிக்கவைக்கும்போது வாயு வரத்தான் செய்யும். சிக்கரி இன்யுலின் நாளுக்கு 12 கிராம் எடுத்தால் மலம் கழிவது சீராகும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் ஏற்றது. அதற்காக முதல் நாளே 12 கிராமைக் கரைத்துக் குடித்தால் வயிறு உப்பி, மூன்றாம் நாள் டப்பா பரணுக்குப் போய்விடும். 2, 3 கிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

வாராவாரம் பேதிக்குக் குடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை, எனக்குக் கோபமே வருகிறது. ஒரு பெரியம்மாவின் சமையலறைக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. விளக்கெண்ணெய் நாள். தினமும் பவுடரும் குடிக்கிறார்.

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் ஒண்ணுமே போகல தம்பி. இந்தப் பவுடர் சுத்தமா வேலை செய்யல."

"ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் வெளியே தள்ளிட்டீங்களே பெரியம்மா, வர்றதுக்கு உள்ளே என்ன இருக்கு?"

குடல் மொத்தமாகக் காலியானால் மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆவது இயல்புதான். அதைச் சிக்கல் என்று பயந்து மறுபடி பேதிக்குக் குடிக்கிறோம். இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மலத்தில் கணிசமான பகுதி பாக்டீரியாதான். ப்ரீபயாடிக் அவற்றைப் பெருக்கி, அதன் மூலமாகவும் மலத்தின் அளவைக் கூட்டுகிறது. நாம் ஆறு நாள் தீனி போட்டு வளர்ப்பதை ஏழாம் நாள் கழுவி ஊற்றினால் பலன் எப்படித் தெரியும்? காசும் போச்சு, "இதெல்லாம் ஏமாற்று" என்ற பேரும் வந்தது. பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை இலைகூட பெருங்குடல் பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலை செய்கிறது.

மருத்துவர் அளவு சொல்லித் தரும் மலமிளக்கி வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றைக் கழுவும் வைத்தியத்தை மட்டும் விடுங்கள். பவுடருக்கு ஒரு மாதமாவது நேரம் கொடுங்கள்.

தயிர் மட்டும் போதும் என்பது

தயிர் பாக்டீரியாவைத் தரும், அதற்கு வேண்டிய நாரைத் தராது.

இசப்கோலும் ப்ரீபயாடிக் பவுடரும் ஒன்று என்பது

இல்லை. இசப்கோல் தண்ணீரை இழுத்து மலத்தை மிருதுவாக்கும், பாக்டீரியா அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் வாயுவும் குறைவு. உப்புசம் தாங்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

தட்டில் இருப்பதை விட்டுவிடுவது

தெருமுனையில் விற்கும் மொய்ங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வாழைத்தண்டு மிதக்கிறது, அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் குடிக்கிறோம். காலையில் விற்கும் வேகவைத்த முளைப்பட்டாணியும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. வாரம் நான்கு நாள் அதைச் சாப்பிடுகிறவருக்கு டப்பா தேவைப்படாமலே போகலாம்.

மற்ற மாத்திரைகளை மறப்பது

இரும்புச்சத்து, கால்சியம், சில பிரஷர் மாத்திரைகள் மலத்தை இறுக்கும். தைராய்டு குறைவும் அப்படித்தான். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ரத்தம் தெரிந்தும் பவுடரை நம்புவது

வேண்டாம். ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த சிக்கல் என்றால் முதலில் மருத்துவர்.

அப்புறம், எல்லாம் ஒழுங்காகச் செய்தும், மிருதுவான மலத்தையே முக்கி முக்கித் தள்ள வேண்டியிருக்கிறதா? ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை தளர வேண்டிய நேரத்தில் இறுகிக்கொள்வது காரணமாக இருக்கலாம். அதற்கு எந்த நாரும் உதவாது, தசையைப் பழக்கும் பயோஃபீட்பேக் சிகிச்சைதான் உதவும்.